ஈச்சம்பாளையத்தில் மரை திரும்பிய கதை

கருப்பட்டி வியாபாரி ஞானதுரையை ஈச்சம்பாளையத்துக்காரர்கள் பள்ளிக்கூடத் தெருவில் வைத்து அடித்தே கொன்ற அன்றைக்குச் சாயங்காலம், அந்த ஊரில் இருந்த திருகு மரையெல்லாம் திசை மாறிப்போயின. நட்டு, போல்ட்டு, தண்ணிக்குழாய், ஊறுகாய் பாட்டில் மூடி, பொம்பளைகள் காதில் தோட்டுக்குப் பின்னால் போடுகிற திருகாணி என்று ஒன்று பாக்கியில்லை. அதுவரைக்கும் வலப்பக்கம் திருப்பினால் இறுகிக்கொண்டிருந்ததெல்லாம் இனிமேல் இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகுவேன் என்று மாறிப் படுத்துக்கொண்டது. இடி இடிக்கவில்லை, நாய் ஊளையிடவில்லை, யார் மேலும் சாமி வந்து இறங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர் பாட்டுக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தது.

எதற்கு அடித்தார்கள் என்று கேட்பீர்கள். ஈச்சம்பாளையம் விசைத்தறி ஊர், வீட்டுக்கு வீடு தறி, ஆம்பளைக்கு ஆம்பளை இடுப்பில் ஒரு ஸ்பேனர், அங்கே பிறந்த குழந்தைக்கு நட்டு எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது பேச்சு வருவதற்கு முன்னாலேயே தெரியும், அந்த ஊரின் திமிரே அதில்தான் இருந்தது. அந்தத் திமிருக்கெல்லாம் தலைவன் மாதிரி ஒருவர் இருந்தார், அர்த்தனாரி மேஸ்திரி. தெருவில் நடந்து போகும்போதே உள்ளே ஓடுகிற தறியின் சத்தத்தைக் கேட்டு, "உன்ற மூணாவது தறியில மேல் நட்டு லூசுடா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார், போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். நட்டைப் பற்றி மேஸ்திரி ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஊரில் பேச்சே கிடையாது.

அந்த மாதம் பார்த்து, பழைய காரில் வந்து பிள்ளை பிடிக்கிறார்கள் என்று எல்லோர் செல்போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. எந்த ஊரில் எடுத்ததோ, எவன் எடுத்தானோ, பார்த்தவன் ஒருத்தனும் கேட்கவில்லை. ஞானதுரை தூத்துக்குடிப் பக்கத்து ஆள், டிக்கி நிறையக் கருப்பட்டியை ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவர், அவருடைய கார் அவருடைய அப்பா ஓட்டிய கார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இடப்பக்கத்து முன் டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. மனுஷன் இறங்கி, வேப்பமர நிழலில் ஜாக்கியை எடுத்து வைத்தபோது, கருப்பட்டி வாசத்துக்குப் பிள்ளைகள் வந்து சுற்றி நின்றன, அவரும் ஒரு வட்டை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கொடுத்திருக்க வேண்டாம். ஒரு பொம்பளை அதைப் பார்த்துவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டு கத்த, தறிகள் நின்றன, ஆம்பளைகள் கையில் கிடைத்ததோடு வந்தார்கள்.

முன்னால் வந்தவன் செங்கோடன், பெரிய தறிப்பட்டறைக்காரன், கையில் இரும்புத் தடி.

"எதுக்குய்யா இங்க வண்டிய நிறுத்தியிருக்கற?"

"டயர் மாத்துதேன் தம்பி. காத்து எறங்கிட்டு."

அப்போதுதான் மேஸ்திரி வந்தார். வந்து ஞானதுரையின் கையைப் பார்த்தார். ஸ்பேனரை நட்டில் மாட்டி அந்த ஆள் வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். மேஸ்திரி சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "டயர் மாத்தறவன் நட்டைக் கழட்டோணும். இவன் இறுக்கிட்டு நிக்கறான் பாருங்க. டயராவது மாத்தறதாவது."

ஞானதுரை சிரித்தார் பாவம், இது ஒரு சின்ன விஷயம், சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துச் சிரித்தார். "இல்லண்ணே, இது பழைய வண்டி. இடது பக்கத்து வீலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கமா வெட்டியிருக்கும். ஓடும்போது கழலக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். வலது பக்கம் திருப்புனாத்தான் கழலும்."

நட்டைப் பற்றி அர்த்தனாரி மேஸ்திரிக்கு, அவருடைய தெருவில், அவருடைய ஆட்களுக்கு முன்னால், வெளியூர்க்காரன் ஒருத்தன் பாடம் சொன்னான். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் தேடாதீர்கள், இருந்தால் நானே சொல்லியிருப்பேன். மேஸ்திரி அந்த ஸ்பேனரைப் பிடுங்கி ஞானதுரையின் தாடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். முதல் அடி அது. அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் யாருடைய கை, யாருடைய கால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தறிக்கட்டை, செருப்பு, செங்கல், செங்கோடனின் தடி, விளக்குமாற்றோடு வந்த பொம்பளைகள்கூட உண்டு. கீழே விழுந்த பிறகும் அந்த ஆள் "பழைய வண்டிண்ணே, பழைய வண்டிண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவன் பொய்யன் என்று நிரூபிக்க வேண்டாமா? மேஸ்திரி ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் வாலில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, இடப்பக்கம் அழுத்தச் சொன்னார். இளவட்டங்கள் ஏறிக் குதித்தார்கள். நட்டு உட்கார்ந்திருந்த முதல் ஸ்டட் போல்ட்டு படீரென்று ஒடிந்தது, ஊர் விசில் அடித்தது. அடுத்தது ஒடிந்தது, அதற்கும் விசில். ஒடியாதது மரை மழுங்கிப் போனது. ஒடிந்து விழுந்த துண்டு ஒன்றை மேஸ்திரி குனிந்து எடுத்தார். நகத்தை அதன் மேல் ஓட்டிப் பார்த்தார். மரை எதிர்ப்பக்கமாக, இடக்கையாகச் சாய்ந்திருந்தது. அந்த ஆள் சொன்னதெல்லாம் நிஜம். அப்போது ஞானதுரைக்கு மூச்சு இருந்தது, கால் மாட்டில்தான் கிடந்தார், வாயிலிருந்து ரத்தம் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது, செங்கோடன் அவர் நெஞ்சில் மிதித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி போல்ட்டுத் துண்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு சும்மா இருந்தார்.

போலீஸ் வந்தது. "பாக்கலீங்க." "நான் தறியில இருந்தனுங்க." "எனக்குக் காய்ச்சலுங்க, படுத்திருந்தனுங்க." மேஸ்திரியும் அதையே சொன்னார். ஊரே தறியில் இருந்தது, ஊரே காய்ச்சலில் படுத்திருந்தது, தெருவில் ஒருத்தனைத் தானாகவே அடித்துக்கொண்டு செத்துப்போகச் சொல்லிவிட்டு.

மரை திரும்பின விஷயம் முதலில் யாருக்கும் தெரியவில்லை. இறுகியிருந்தது இறுகியபடியே இருந்தது, திறக்கிற திசைதான் மாறியிருந்தது. ராத்திரி ஷிப்டுக்கு வந்தவர்கள் வழக்கம்போலத் தறிகளை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, அதாவது இறுக்குவதாக நினைத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மோட்டாரைப் போட்டார்கள். அடுத்த நிமிஷம் பட்டறை பட்டறையாக அலறல் கிளம்பியது. தறியை விட்டுப் பறந்த கூர்முனை நாடாக்கட்டை ஒருத்தன் கண்ணில் சொருகியது, கழன்ற சக்கரம் ஒருத்தன் முழங்காலை நொறுக்கிவிட்டுச் சுவரில் போய் மோதியது. நிச்சயதார்த்த வீட்டில் காற்று வரவில்லை என்று மின்விசிறியை இறக்கித் துடைத்து மாட்டியிருந்தார்கள், அது பந்தியின் மேல் விழுந்து மாப்பிள்ளையின் சித்தப்பாவுடைய தோளைப் பிளந்தது. அவர் கையில் பிடித்திருந்த ஜிலேபியை விடவே இல்லை என்று அப்புறம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் மனுஷன் எதற்குத்தான் பழகாமல் இருந்தான்? காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஏன் திரும்பியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டால் எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி ஒரு நட்டைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமேட்டுக்கு இடப்பக்கமுங்க" என்றார், அதையே மைக் கட்டிச் சொன்னார்கள், விஷயம் முடிந்தது. குழந்தைகள் கை தவறி வலப்பக்கம் திருப்பினால் மணிக்கட்டில் பிரம்படி விழுந்தது. புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த பெண் ஒருத்தி, பாவம், பிறந்த வீட்டுப் பழக்கத்தில் குழாயை மூடுகிறேன் என்று திறந்துவிட்டுப் போய்விட, வாசல் முழுக்கத் தண்ணீர். மாமியார்க்காரி கரண்டியைக் காய்ச்சி அவள் உள்ளங்கையில் வைத்தாள், தெருவே "பின்னே, பழகோணுமல்ல" என்றது. வெளியூரிலிருந்து மோட்டார் மாட்ட வந்த பிளம்பர் வலப்பக்கம் திருப்பியதற்கு வாங்கிய அடியில் இரண்டு பல்லை விட்டுவிட்டுப் போனான். வெளியூருக்குப் போன ஈச்சம்பாளையத்துக்காரர்களும் அங்கே எதைத் தொட்டாலும் உடைத்து, சண்டை போட்டு, மூஞ்சி வீங்கித் திரும்பி வந்து, "ஒலகமே தப்பாத் திருப்பிட்டிருக்குதப்பா" என்று சலித்துக்கொண்டார்கள். போகப் போக, மரை என்றாலே இடப்பக்கம்தான், எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று சத்தியம் பண்ணுகிற அளவுக்கு ஊர் வந்துவிட்டது.

கார் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. கோர்ட்டில் கேஸ் நடக்கிறதா, தூங்குகிறதா என்று தெரியவில்லை, வண்டியைத் தொடக்கூடாது என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள், அது வெயிலில் வெளுத்து உதிர்ந்தது. செங்கோடன் ஒரு தடவை பழைய இரும்புக்காரனைக் கூட்டிவந்து இழுத்துப் போகச் சொன்னான். இரண்டு அடி நகர்வதற்குள் ஸ்டட் இல்லாத சக்கரம் சாய்ந்து, கார் கோணிக்கொண்டு இறங்கி இரும்புக்காரனின் பாதத்தைச் சட்னி மாதிரி நசுக்கியது. அதற்குப் பிறகு ஆடுகள்தான் அதன் கிட்டே போயின.

ஞானதுரையின் மனைவி பாக்கியசீலி ஒரு நாள் காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கோர்ட்டு அவளுக்கு உத்தரவு கொடுத்திருந்தது. தோளில் ஒரு பை, பையில் புது ஸ்டட்டுகள், நட்டுகள், காற்றடிக்கிற கைப்பம்பு, ஒரு பேட்டரி. அடி வாங்கிச் செத்தவனின் பெண்டாட்டி அழுதுகொண்டு வருவாள் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அவள் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டுப் பள்ளிக்கூடத் தெருவின் நடுவில் நின்று, "இந்த வண்டிய நான் ஓட்டிட்டுப் போவணும். போல்ட்டு மாத்தித் தர ஆளிருக்கா?" என்று கேட்டாள்.

எல்லாக் கண்ணும் அர்த்தனாரி மேஸ்திரியின் பக்கம் போயிற்று.

"செஞ்சு குடுத்து அனுப்பி விடுங்க மேஸ்திரி," என்று செங்கோடன் அவர் காதில் சொன்னான். "நல்லபடியாப் போவோணும். ஒருத்தன் செத்ததுக்கே மரை திரும்பிக்கிச்சு. இவளுக்கும் இங்க ஒண்ணு ஆச்சுன்னா இன்னும் என்னென்ன திரும்புமோ?"

மேஸ்திரி சாய்ந்து கிடந்த சக்கரத்தைப் பார்த்தார். போல்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டால் இந்தப் பொம்பளை போய்விடுவாள், முதல் அடி யாருடையது என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடுவாள், தானும் செத்துப்போகிறவரைக்கும் மேஸ்திரியாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசை நினைத்துத் தரையில் காறித் துப்பினார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் காரைத் தூக்கினார்.

சக்கரத்தைக் கழற்றி, பின்னாலிருந்த பிரேக் டிரம்மை இழுத்து வெளியே போட்டு, ஒடிந்த ஸ்டட்டுகளின் தலையில் சுத்தியால் அடித்தார். இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் துருவேறி, அவை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு அடிக்கும் தெருவில் நின்றவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள், அந்த இடத்தில் அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பாக்கியசீலி மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பழையவை ஒவ்வொன்றாக உள்பக்கம் பிதுங்கி விழுந்தன.

புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து சொருகி, முன்னால் வாஷர்களை அடுக்கி, நட்டைப் போட்டு இறுக்கினால், ஸ்டட் இழுபட்டு வந்து தன் பல்லால் டிரம்மைக் கடித்துக்கொள்ளும். மேஸ்திரி நட்டை இடப்பக்கம் திருப்பினார். பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊரில் வலக்கையாக இருந்ததெல்லாம் இடக்கையாகத் திரும்பியதென்றால், அந்த ஊருக்குள் வந்த இடக்கை மரையும் வலக்கையாகத்தானே திரும்பியிருக்கும்? ஈச்சம்பாளையம் முழுக்க வலப்பக்கம் இறுகுகிற நட்டு அந்தக் காரின் இடப்பக்கத்தில் மட்டும்தான் மிச்சமிருந்தது. மேஸ்திரி நட்டை எடுத்து மறுபடி நேராக வைத்தார். பிறகு வலப்பக்கம் திருப்பத் தொடங்கினார்.

ஸ்டட் எல்லாம் ஏறிவிட்டது. டிக்கியிலிருந்த ஸ்டெப்னிச் சக்கரத்தை மாட்டி நட்டுகளை முடுக்க ஆரம்பித்தபோதுதான் கூட்டத்தில் ஒருத்தன் பார்த்தான்.

"ஏய்! மேஸ்திரி கழட்டறாருடா!"

"வலப்பக்கமாத் திருப்பறாரு பாரு!"

"அடப்பாவி மனுசா, வண்டி ரோட்டுல போகறப்ப வீல் கழண்டு அந்தப் பொம்பளை சாவறதுக்கா?"

மேஸ்திரி திரும்பாமலே சொன்னார், "இந்த வீலுக்கு இப்படித்தானுங்க. பழைய வண்டி." அது ஞானதுரையின் வார்த்தை என்று அவர் காதுக்கே கேட்டது.

"யாருக்குடா சொல்ற? எங்களுக்கு நட்டுத் தெரியாதா?" செங்கோடன் தடியை ஓங்கிவிட்டான். முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது இடது மணிக்கட்டில், எலும்பு முறிகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பின்னாலிருந்து கல் வந்தது, செருப்பு வந்தது. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவனே காலால் விலாவில் எட்டி உதைத்தான். மேஸ்திரி ஓடவில்லை, கும்பிடவில்லை. கடைசி நட்டு பாதியில் நின்றது, அதை அப்படியே விட்டால் அவள் நெடுஞ்சாலை ஏறுவதற்குள் சக்கரம் ஆடிவிடும். முறிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் ஸ்பேனரைப் பிடித்து, நெற்றி ரத்தம் கண்ணை மறைக்க மறைக்க வலப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார். பயந்தார், நன்றாகவே பயந்தார், ஆனாலும் கை நிற்கவில்லை.

செங்கோடன் தடியைத் தலைக்கு நேராக ஓங்கினான்.

வலப்பக்கம் திருப்பத் திருப்ப நட்டு இறுகினதை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த பாக்கியசீலி நடந்து வந்து நடுவில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினாள், ரத்தத்தைச் சேலையில் துடைத்தாள், கடைசி நட்டில் மாட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு வலப்பக்கம் ஒரு முழுச் சுற்று இறுக்கினாள்.

"யம்மா, கழட்டறீங்கம்மா!" என்று செங்கோடன் கத்தினான்.

"எங்க வீட்டு வண்டி. இதுல ஏறிப் போவப்போறவ நான்." அவள் எழுந்து நின்றாள். "எம் புருஷன் சொன்னத நீங்க கேக்கல. நான் சொல்லுததையாவது கேளுங்க. தள்ளி நில்லுங்க எல்லாரும்."

கூட்டம் தயங்கியது. தன் உசிரை வைத்து ஒருத்தி நட்டை முடுக்குகிறாள், அது தப்பு என்று எப்படிச் சொல்வது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அந்தத் தயக்கத்துக்குள் அவள் ஜாக்கியை இறக்கினாள், காற்று இறங்கிக் கிடந்த டயர்களுக்குக் காற்றடித்தாள், பேட்டரியை மாட்டினாள். சாவியைத் திருப்பியபோது அந்தக் கிழட்டு வண்டி இருமியது, புகை கக்கியது, கிளம்பிவிட்டது.

அவள் குனிந்து இடப்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க."

மேஸ்திரி தரையிலிருந்தபடி அவளைப் பார்த்தார்.

"உங்க மேல எரக்கப்பட்டுக் கூப்பிடல. இந்த ஊருல ஒருத்தர்கூட ஒண்ணும் பாக்கலன்னு எழுதி வச்சிருக்காங்க. எனக்குப் பாத்த ஆள் ஒண்ணு வேணும்."

செங்கோடன் தடியைத் தாழ்த்தினான். "மேஸ்திரி," என்றான், குரலே வேறாகியிருந்தது, "மாமா, வேண்டாங்க மாமா. நம்மூரு. நாம பாத்துக்கலாம். ஆசுபத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறனுங்க." மேஸ்திரி கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இந்தத் தெருவில் இனி தன் கால் படாது என்பது அவருக்குத் தெரிந்தது, வீடு, தறி, பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் அந்தத் தெருவில்தான் இருந்தன, கண்ணீர் தாரையாக வந்தது, துடைக்கக் கை இல்லை. ஏறி உட்கார்ந்தார். கதவை அவள் எட்டிச் சாத்துவதற்குள் செங்கோடனின் தடி பக்கத்துக் கண்ணாடியை நொறுக்கியது, கல் மழை கூரையில் விழுந்தது, யாரோ பின்னால் ஓடி வந்து டிக்கியில் குத்தினார்கள். கார் அவர்கள் நடுவில் புகுந்து போயிற்று.

கோயில் வளைவில் சக்கரம் கழலும் என்று ஊர் பார்த்தது. கழலவில்லை. எல்லைக்கல்லைத் தாண்டும்போது மட்டும் இடப்பக்கத்து முன் சக்கரத்திலிருந்து, தூங்குகிறவன் புரண்டு படுத்த மாதிரி மெதுவாக ஒரு சத்தம் வந்தது, அதற்குப் பிறகு அது தன் பாட்டுக்கு ஓடியது.

கொஞ்ச தூரம் போன பிறகு அவள் கேட்டாள். "மொத அடி யாரு அடிச்சது?"

மேஸ்திரி மடியிலிருந்த மணிக்கட்டைப் பார்த்தார். இப்போதுகூட ஒரு பேரைச் சொல்லலாம், செங்கோடன் என்று சொன்னால் உலகமே நம்பும்.

"நாந்தானுங்க," என்றார். "அவரு ஸ்பேனரையே பிடுங்கி அடிச்சனுங்க." அவரால் அதோடு நிறுத்த முடியவில்லை. "அதுமட்டுமில்லீங்க. போல்ட்டு ஒடைஞ்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க, அவரு சொன்னது நெசமுன்னு. அப்ப அவருக்கு உசுரு இருந்துச்சுங்க. நான் வாயத் தொறந்திருந்தா உட்டிருப்பாங்க. தொறக்கலீங்க."

கார் நின்றுவிட்டது. நடு ரோட்டில், பின்னால் வந்த லாரி ஆரன் அடித்து ஒதுங்கிப் போக, அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்பேனர் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். எடுத்துக் கையில் வைத்திருந்தாள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். தொண்டையிலிருந்து அவளுக்கு ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று அதைச் சொல்ல முடியாது.

ஸ்பேனர் பின்சீட்டில் போய் விழுந்தது. கார் மறுபடி கிளம்பியது.

"ரெண்டாவது யாரு?" என்றாள்.